நிமிர்ந்துதான் உட்கார்கிறேன், அப்புறம் ஏன் வலிக்கிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கணினி முன்னால் வேலை பார்ப்பவர்கள் எழுதியவை. இயன்முறை மருத்துவராக 23 ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு இந்தக் கடிதங்களைப் படித்தாலே எழுதியவர் எந்தப் பக்கம் தலை சாய்த்து உட்கார்ந்திருப்பார் என்று தோன்றிவிடும். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. ஆறு பேரின் கேள்விகளை, பெயர் இல்லாமல், சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: எனக்கு 34 வயது. நாள் முழுவதும் தரவு உள்ளீடு செய்யும் வேலை. வலி வந்ததும் நல்ல நாற்காலி வாங்கிவிட்டேன். முதுகை நிமிர்த்தித்தான் உட்காருகிறேன். ஆனாலும் மாலை 4 மணிக்கு மேல் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் நெருப்பு வைத்தது போல எரிகிறது. இன்னும் எப்படித்தான் உட்கார வேண்டும்?

எப்படி உட்கார வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு நேரம் அப்படியே உட்காருகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். கடிதத்தின் கடைசி வரியில் அதற்கான பதிலும் இருக்கிறது: "தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருப்பதில்லை, பாட்டிலை மேசையிலேயே வைத்துக்கொள்கிறேன்."

எரிகிறது என்று நீங்கள் சொல்லும் இடத்தில் இருப்பது டிரபீசியஸ் என்ற தசை. பிடரியிலிருந்து தோள் முனை வரைக்கும், கீழே நடு முதுகு வரைக்கும் விரிந்த பெரிய தசை. தட்டச்சு செய்யும்போது விரல்கள்தான் ஓடுகின்றன, ஆனால் அந்த விரல்கள் நிலையாக இயங்க வேண்டுமானால் தோள் அசையாமல் நிற்க வேண்டும். அதை நிறுத்திப் பிடிப்பது இந்தத் தசை. அது செலவழிக்கும் விசை மிகக் குறைவு. அதனால்தான் நமக்குத் தெரிவதே இல்லை.

ஒரு தசையில் எல்லா இழைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. சின்ன விசை போதுமென்றால் சின்ன இழைகள் மட்டும் இறங்கும். விசை கூடக் கூடப் பெரிய இழைகள் சேர்ந்துகொள்ளும். வேலை முடியும்போது பெரியவை முதலில் விலகும், சின்னவை கடைசியில்தான் விடும். வீட்டில் முதலில் எழுந்து கடைசியில் படுக்கும் ஆள் போல, காலை முதல் மாலை வரை அந்தச் சில இழைகளுக்கு மட்டும் ஓய்வே கிடையாது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஹேக் 1991-இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். சிண்டரெல்லா இழைகள் என்று அவற்றைச் சொல்கிறார்கள். வலிக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் லேசான வேலைக்கு ஏன் இவ்வளவு வலி என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது உங்கள் நாற்காலிக்கு வருவோம். நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று விறைப்பாக உட்கார்ந்தால் அதற்கும் தசைகள்தான் உழைக்கின்றன. நல்ல நாற்காலி வந்ததும் எழுந்திருக்க மனம் வராமல் போவதை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். சாய்ந்துகொள்ளுங்கள், ஒரு பக்கம் ஒதுங்குங்கள், காலை நீட்டுங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். தண்ணீர் பாட்டிலை மேசையிலிருந்து எடுத்து, எழுந்து போய் எடுக்க வேண்டிய தூரத்தில் வையுங்கள். முதல் மருந்து அதுதான்.

இரண்டாவது மருந்து உடற்பயிற்சி. டென்மார்க்கில் கழுத்து, தோள் வலி இருந்த 198 அலுவலக ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு 2011-இல் வெளியானது. ரப்பர் பட்டையை மிதித்துக்கொண்டு, இரண்டு முனைகளையும் பிடித்து, கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கி இறக்கும் பயிற்சி. ஒரு குழு நாளுக்கு 12 நிமிடம் செய்தது. இன்னொரு குழு வெறும் 2 நிமிடம். வாரத்துக்கு 5 நாள், 10 வாரம். இரண்டு குழுக்களுக்குமே வலி குறைந்தது. 2 நிமிடம் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். கைகளை நேர் பக்கவாட்டில் தூக்காமல் கொஞ்சம் முன்பக்கமாக, முழங்கை லேசாக மடங்கியபடி தூக்குங்கள். தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. முதல் வாரம் தசை கனமாக இருக்கும். அது போகும். கூர்மையாகக் குத்தினால் நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. மேலாளரிடமிருந்து செய்தி வரும்போது உங்கள் தோள் எங்கே இருக்கிறது என்று நாளைக்குக் கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு விரற்கடை மேலே ஏறியிருக்கும். வேலை நெருக்கடியில் தசை நம்மைக் கேட்காமலே இறுகும். மூச்சை மெதுவாக விட்டு, தோளைக் கீழே விடுங்கள். ஒரு நாளைக்கு இருபது தடவை என்றாலும் சரி.

கேள்வி: வயது 52. கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மூன்று மாதமாகப் பிடரியில் வலி, மாலையில் தலைவலி. எக்ஸ்ரேயில் கழுத்து எலும்பு தேய்ந்திருப்பதாகச் சொல்லி காலர் போடச் சொன்னார்கள். போட்டுக்கொண்டே வேலை செய்கிறேன். எலும்பு தேய்ந்துவிட்டதே, இனி இது சரியாகுமா? (சமீபத்தில்தான் புதுக் கண்ணாடியும் மாற்றினேன், அதனால் கண் பிரச்சினை இல்லை.)

அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியதைத்தான் இரண்டு முறை படித்தேன்.

முதலில் தேய்மானம். அந்தச் சொல்லே மனதை உடைத்துவிடுகிறது. முடி நரைப்பது போல முதுகெலும்புக்கும் வயதாகிறது. ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொல்லையும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்து எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு பிதுங்கியிருந்தது. 2015-இல் வெளியான ஆய்வு இது. வலியே இல்லாதவர்கள் இவர்கள்! எனவே உங்கள் எக்ஸ்ரேயில் தெரிவது பத்து வருடமாகவே அங்கே இருந்திருக்கலாம். வலி வந்தது மூன்று மாதமாக. அந்த மூன்று மாதத்தில் என்ன மாறியது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் புதுக் கண்ணாடி ஒரே கண்ணாடியில் தூரப் பார்வையும் கிட்டப் பார்வையும் சேர்ந்ததா? அப்படியானால் கிட்டப் பார்வைக்கான பகுதி கீழ்ப்பக்கம் இருக்கும். புத்தகம் படிக்கக் கண்ணைத் தாழ்த்தினால் போதும். கணினித் திரையோ நேரே முன்னால் நிற்கிறது. எழுத்து தெளிவாகத் தெரிய நீங்கள் முகவாயைத் தூக்கி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பீர்கள். எட்டு மணி நேரம் பிடரி மடங்கியே இருக்கும். பிடரித் தசை இறுகினால் அங்கிருந்து தலைவலி மேலே ஏறும்.

இதை எனக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தது ஒரு நோயாளிதான். நான் தொழிலுக்கு வந்து நான்காவது வருடம். ஒரு நூலகப் பணியாளருக்கு ஆறு வாரம் கழுத்துப் பயிற்சி கொடுத்தேன், ஒத்தடம் கொடுத்தேன், கொஞ்சமும் குறையவில்லை. கடைசியில் ஒருநாள் அவர் வேலை செய்யும் இடத்தையே போய்ப் பார்த்தேன். மேசையில் உட்கார்ந்ததும் அவருடைய முகவாய் தானாக மேலே போனது. திரைக்கு அடியில் இரண்டு தடித்த அகராதிகள் வேறு. திரை கண் மட்டத்துக்கு இருக்க வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்! அகராதிகளை எடுத்தோம், கணினிக்கென்று தனிக் கண்ணாடி போட்டுக்கொண்டார், மூன்று வாரத்தில் வலி தணிந்தது. அந்த ஆறு வாரத்தை அவரிடமிருந்து வீணாக வாங்கிவிட்டேன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதற்கப்புறம் யார் கழுத்து வலி என்று வந்தாலும் முதல் கேள்வி கண்ணாடி பற்றித்தான்.

பொதுவாகத் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும், தூரம் கையை நீட்டினால் விரல் நுனி தொடும் அளவு. உங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் கீழே இறக்க வேண்டும். கண் மருத்துவரிடம் போய், திரைக்கும் உங்கள் கண்ணுக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து சொல்லி, அந்தத் தூரத்துக்குத் தனிக் கண்ணாடி கேளுங்கள். அளந்து கொண்டு போவது முக்கியம்.

காலரை எழுதிக் கொடுத்தவரிடம் பேசி, சீக்கிரம் கழற்றிவிடப் பாருங்கள். நாள் கணக்கில் போட்டால் கழுத்துத் தசை வேலையை மறந்து தளர்ந்துபோகும். ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன்: சட்டைப் பொத்தான் போட விரல்கள் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, கை பலம் இழந்தாலோ அது வேறு விஷயம், தண்டுவடம் அழுத்தப்படுவதாக இருக்கலாம். அடுத்த இதழுக்காகக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து வேலை. லேப்டாப்பைக் கட்டிலில் வைத்துச் செய்கிறேன். கழுத்தா, முதுகா என்று தெரியாமல் எல்லாமே வலிக்கிறது.

லேப்டாப்பில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருக்கின்றன. திரை உயரமாக இருந்தால் கை தூக்கி நிற்கும், விசைப்பலகை சரியாக இருந்தால் தலை குனியும். இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்ய முடியாது. தனி விசைப்பலகையும் மௌஸும் வாங்கிவிட்டு, லேப்டாப்பைப் புத்தக அடுக்கின்மேல் ஏற்றுங்கள். முழங்கை உடம்பை ஒட்டி ஏறக்குறைய 90 டிகிரியில் இருக்கட்டும்.

மனிதத் தலை 5 கிலோ அளவுக்குக் கனம். குனியக் குனிய அந்த 5 கிலோவைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுக்கப் பிடரித் தசைக்குப் போகிறது. 60 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் பளு 27 கிலோ அளவுக்குப் போகும் என்று 2014-இல் ஒரு முதுகெலும்பு அறுவை மருத்துவர் கணக்கிட்டுச் சொன்னார். கணக்கு மாதிரிதான் அது, உடம்பில் அளந்ததில்லை. குனிவதாலேயே கழுத்து கெட்டுவிடும் என்றும் பொருளில்லை. மணிக்கணக்கில் குனிந்தபடியே இருப்பதுதான் தொல்லை.

கட்டிலைத் தூங்குவதற்கு விடுங்கள்.

கேள்வி: 29 வயது, ஏழாம் மாதக் கர்ப்பம். அலுவலகத்தில் நாள் முழுக்கத் தட்டச்சு. இரவு 2 மணிக்குக் கை மரத்துப்போய் விழித்துவிடுகிறேன். உதறினால்தான் சரியாகிறது. தட்டச்சு செய்ததால் நரம்பு கெட்டுவிட்டதா? குழந்தைக்கு ஏதும் ஆகுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இதனால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, அம்மா. நிம்மதியாக இருங்கள்.

இன்றிரவு விழிக்கும்போது எந்த விரல்கள் மரத்திருக்கின்றன என்று பாருங்கள். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் நடுவிரலை ஒட்டிய பாதி என்றால் மணிக்கட்டில் மீடியன் நரம்பு அழுத்தப்படுகிறது. கார்ப்பல் டன்னல் என்பார்கள். மணிக்கட்டில் எலும்பும் தடித்த நாரும் சேர்ந்து ஒரு குறுகிய சுரங்கம். அதற்குள்ளே விரல்களை மடக்கும் 9 தசைநாண்கள், அவற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு இந்த ஒரு நரம்பு. கர்ப்பத்தில் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும்போது அந்த இடம் இன்னும் நெருக்கமாகிறது. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடப்பதால் இரவில் அதிகமாகிறது. சுண்டுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு. பெரும்பாலும் முழங்கையில் அழுத்தம்.

விசைப்பலகையால்தான் இது வருகிறது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அதற்கான ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை. கர்ப்பம், நீரிழிவு, தைராய்டு குறைவு ஆகியவற்றோடு இந்த நோய்க்கு இருக்கும் தொடர்பு நன்றாகத் தெரிந்தது. உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி, சர்க்கரையும் தைராய்டும் பார்த்தாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை அணிந்து தூங்குங்கள். பகலில் விசைப்பலகையின் பின்கால்களை மடித்துத் தட்டையாக வையுங்கள். அவற்றை நிமிர்த்தி வைத்தால் மணிக்கட்டு பின்னுக்கு வளையும். பெரும்பாலான பெண்களுக்குக் குழந்தை பிறந்தபின் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் குறைந்துவிடும். வலி மாத்திரை எதையும் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். கர்ப்பத்தில் பல வலி மாத்திரைகள் கூடாது. பகலிலும் விடாமல் மரத்திருந்தாலோ, கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்தாலோ, கையில் பிடித்த பொருள் நழுவினாலோ பிரசவம் வரை தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

கேள்வி: 14 பேர் கொண்ட குழுவுக்கு நான் தலைவர். வாரம் ஒருவராவது கழுத்து, கை வலி என்று விடுப்பு கேட்கிறார்கள். எல்லோருக்கும் நின்று வேலை செய்யும் மேசை வாங்கித் தந்தால் போதுமா?

இப்படி ஒரு கேள்வி வந்ததே எனக்கு மகிழ்ச்சி. வலிப்பவர்கள்தான் எழுதுவார்கள், வேலை வாங்குபவர்கள் எழுதுவது அபூர்வம்.

நின்றுகொண்டே அசையாமல் வேலை செய்தால் இடுப்பிலும் காலிலும் வலி வரும். மேசை உயர்வது நல்லதுதான், மாற்றி மாற்றி உட்காரவும் நிற்கவும் பயன்பட்டால். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் உங்கள் கையில் இருக்கிறது, நேரம்.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி 1713-லேயே எழுத்தர்களின் நோய்களைப் பற்றி எழுதினார். இறகுப் பேனா காலம். அவர் சொன்ன காரணங்கள் மூன்று: ஓயாத உட்காருகை, கை ஒரே மாதிரி இடைவிடாமல் அசைவது, கணக்கில் பிழை வந்துவிடக் கூடாதே என்ற மன அழுத்தம். பேனா போய் மௌஸ் வந்திருக்கிறது. மூன்றும் அப்படியே இருக்கின்றன.

அமெரிக்க வரித்துறையில் தரவு உள்ளீடு செய்பவர்களிடம் ஒரு சோதனை நடத்தி 2000-இல் வெளியிட்டார்கள். வழக்கமாக அவர்களுக்கு 15 நிமிட இடைவேளை இரண்டு. அதோடு, வேறு இடைவேளை இல்லாத ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒன்று என்று, நாளுக்கு நான்கு 5 நிமிட இடைவேளை கூடுதலாகக் கொடுத்தார்கள். உடல் வலியும் கண் அலுப்பும் குறைந்தன. 20 நிமிடம் குறைந்தும் வேலையின் அளவு குறையவில்லை. மேலிடத்தில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அறிவிப்பு ஒட்டினால் மட்டும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். தலைவர் எழுந்தால் எழுவார்கள். கூட்டங்களை 60 நிமிடத்துக்குப் பதில் 50 நிமிடத்தில் முடியுங்கள். தொலைபேசிப் பேச்சுகளை நடந்துகொண்டே பேசுங்கள், அவர்களும் பேசட்டும். வலிக்கிறது என்று முதல் வாரத்தில் சொல்பவரைப் பாராட்டுங்கள். ஆறு மாதம் பொறுத்துக்கொண்டவரைக் குணப்படுத்துவது எனக்கு மிகவும் கடினமாக இருக்கிறது. இடக்கைக்காரர் இருக்கிறாரா என்று பாருங்கள். மௌஸ் வலப்பக்கமே இருந்து அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

கேள்வி: வயது 26. மென்பொருள் வேலை. எட்டு மாதமாக அடிமுதுகில் வலி. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் இடுப்பு மரக்கட்டை போல இருக்கிறது, நடமாடினால் சரியாகிவிடுகிறது. விடியற்காலை 4 மணிக்கு வலியில் விழிப்பு வருகிறது. விடுமுறையில் படுத்தே இருந்தால் இன்னும் அதிகம். எல்லோரும் நாற்காலியை மாற்று என்கிறார்கள். மாற்றியும் பயனில்லை. எந்த நாற்காலி நல்லது?

தம்பி, உனக்கு நாற்காலி பதில் இல்லை.

உட்கார்ந்து வேலை செய்வதால் வரும் முதுகு வலி பெரும்பாலும் ஓய்வில் குறையும், மாலையில் கூடும், காலை விறைப்பு சில நிமிடங்களில் விடும். உன் வலி தலைகீழாக நடக்கிறது. இளம் வயது, மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பது, அரை மணிக்கு மேல் காலை விறைப்பு, அசைந்தால் குறைந்து ஓய்வில் கூடுவது, பின்னிரவில் எழுப்புவது: இவை சேர்ந்து வந்தால் முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற நோயின் குடும்பம் அது. இருக்கிறது என்று நான் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. இருந்தால், சீக்கிரம் கண்டுபிடித்தவர்களுக்கு நல்ல சிகிச்சை உண்டு. வருடக்கணக்கில் நாற்காலி மாற்றிக்கொண்டே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பொது மருத்துவரிடம் போனாலும், மூட்டுவாத நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேள். எனக்கு எழுதியதை அப்படியே காட்டு. காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்பதை ஒரு வாரம் தினமும் குறித்து எடுத்துப் போ. கண் சிவந்து வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசியதுண்டா? தோலில் செதில் செதிலாகப் படை, நீண்ட நாள் வயிற்றுப்போக்கு, குதிகால் வலி இருந்ததா? குடும்பத்தில் யாருக்காவது இப்படி முதுகு இறுகியதா? இவற்றையும் சொல். எச்.எல்.ஏ. பி27 என்ற ரத்தப் பரிசோதனையும் முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் மூட்டின் எம்.ஆர்.ஐ.யும் எடுக்கச் சொல்லலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சாதாரணமாக இருக்கலாம், அதை வைத்து ஒன்றுமில்லை என்று திரும்பி வந்துவிடாதே. நடப்பதையும் பயிற்சியையும் நிறுத்த வேண்டாம், உனக்கு அவை நல்லதுதான் செய்கின்றன. சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடைகளுக்கு நடுவில் உணர்ச்சி மரத்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்குப் போ.

இந்த வாரமே நேரம் வாங்கிவிடு. மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. உறையின் மேல் "26 வயது, அடிமுதுகு" என்று குறித்திருந்தால் மற்றதையெல்லாம் வைத்துவிட்டு அதைத்தான் முதலில் பிரிப்பேன்.